மாரியாயி போன சுவிட்சர்லாந்து

"ஹலோ... ஹலோ... ஆங், சொல்லுண்ணே. கேக்குது, கேக்குது. கத்தாத லா, காது வலிக்குது... இல்ல, இன்னும் வரல. பத்து மணின்னு சொல்லியிருக்காங்க... ஆமா. ஆமா. சாக்லேட்டு வாங்கிட்டேன்... கிள்ளான்லதான். பின்ன எங்க போயி வாங்குறது?... வெல ஸ்டிக்கரா? உரிச்சிட்டேன். நகத்தால சுரண்டிச் சுரண்டி விரலே வலிக்குது. ஆனா பெட்டிக்குப் பின்னால இறக்குமதி செஞ்சவன் விலாசம் ஷா ஆலம்னு அச்சடிச்சிருக்கான். அத என்னா பண்ண சொல்ற?... கறுப்பு மையா? சாக்லேட்டு பெட்டியில நான் கறுப்பு மை பூசணுமா?"

லோகேஸ்வரி கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு பெட்டிகளை அடுக்களை மேசையில் கவிழ்த்து வைத்தாள். சனிக்கிழமைக் காலை. அவளும் அம்மாவும் கிள்ளான் வீட்டுக்குத் திரும்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ரவாங்கில் இருக்கும் அண்ணன் திருச்செல்வம் விடிந்ததிலிருந்து நாலாவது தடவையாகக் கூப்பிடுகிறான். அம்மா மாரியாயி வெளிநாடு போய் வந்த கதையைக் கேட்கக் கோயில் மாதர் குழு வீட்டுக்கு வரப்போகிறது. அம்மா போனது சுவிட்சர்லாந்துக்கு என்று வந்தவர்கள் நம்பிக்கொண்டே திரும்பிப் போக வேண்டும். அதுதான் அவனுடைய கவலை.

அம்மா போய் வந்ததோ இந்தோனேசியாவுக்கு.

"அண்ணே, நான் ஒண்ணு கேக்கறேன், கோவப்படாத. இந்தக் கதைய யாரு ஆரம்பிச்சது?... சரி. அம்மாதான். ஆமாங்கறேனே, ஆமா. நான் இல்லன்னு சொன்னேனா?... ஆனா அது கோயில்ல, பொங்கல் வாங்குற வரிசையில நின்னு வாய் தவறி வந்த ஒரு சொல்லு..."

வாய் தவறி வந்ததில்லை என்பது லோகேஸ்வரிக்குத் தெரியும். சுமத்ரா மலைகளுக்கு நடுவே கிடக்கும் தோபா ஏரிதான் அவள் மனதுக்குப் பிடித்த இடம். நாற்பத்து மூன்று வயதில் ஏழு தடவை தனியாகப் போய் வந்துவிட்டாள். தினமும் கிள்ளானிலிருந்து ரயிலேறிப் போய், பிரிக்பீல்ட்ஸ் கண்ணாடிக் கடையில் மற்றவர்களின் பார்வையைச் சோதிப்பது அவள் வேலை. ஆண்டுக்கு ஒரு வாரம், யாருடைய கண்ணையும் பார்க்காமல், யாரும் தன்னிடம் எதையும் கேட்காமல் அந்தத் தண்ணீருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது அவள் சுகம். அந்தச் சுகத்தை அம்மாவுக்கும் காட்ட வேண்டும் என்று இந்த வருடம் அவளுக்குத் தோன்றியது. டிக்கெட்டைப் பார்த்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, அங்கேயிருந்துதானே இங்கே வேலைக்கு வருகிறார்கள், நாம் எதற்கு அங்கே போக வேண்டும் என்பதுதான்.

அதே வாரம் கோயிலில் வள்ளியம்மா ஆன்டி எந்த ஊருக்குப் பயணம் என்று விசாரித்தார். மாதர் குழுத் தலைவியான வள்ளியம்மா பத்து வருடத்துக்கு முன் பதினோரு நாள் லண்டனில் இருந்தவர். அன்றிலிருந்து அவர் பேசும் எந்தப் பேச்சும் லண்டன் வழியாகத்தான் வந்து சேரும். அந்த அம்மாவின் முகத்துக்கு நேராக நின்று இந்தோனேசியா என்று சொல்ல மாரியாயிக்கு நாக்கு எழவில்லை.

"அம்மா சொன்னது அதோட மறந்து போயிருக்கும்ணே. நீ என்னா பண்ணுன?... பேஸ்புக்ல போட்ட. 'ஈன்ற தாய்க்கு ஈடேது? சுவிட்சர்லாந்து மண்ணில் என் குலதெய்வம்.' அம்மா ஏரிக்கரையில நிக்கிற படம், மேல பூ, கீழ விளக்கு... அழகாத்தான் இருக்கு, நான் இல்லங்கல. அம்மா கையப் புடிச்சிக்கிட்டு நான் நின்னேன். என்னை வெட்டிட்ட. சரி, பரவால்ல. ஆனா என் கைய முழுசா வெட்டலண்ணே. அம்மா முழங்கையில நாலு வெரலு தொங்குது. அது யாரு வெரலுன்னு ஜனம் கேக்காதா?... கைடா? சுவிட்சர்லாந்து கைடு ஏன்ணே மருதாணி வச்சிருக்கான்?"

...

"சிரிக்கல. நான் சிரிக்கல... காப்பார்லேருந்து நம்ம லோகன் கேட்டானா இல்லயா? பின்னால இருக்கற வீட்டுக் கூரை ரெண்டு பக்கமும் எரும கொம்பு மாதிரி தூக்கிட்டு நிக்குதே, அது என்னான்னு? நீ என்னா பதில் போட்ட?... பழைய சுவிஸ் கிராமம். ஹ்ம். நானூறு பேரு லைக்கு போட்டா பொய்யி உண்மை ஆயிடுமா?... தெரியும். தேர்தல் நாளைக்குத்தான்னு தெரியும். நீதான் நோட்டீஸையும் அனுப்பி வச்சியே."

நோட்டீஸ் லோகேஸ்வரியின் கைப்பேசியில் இருந்தது. திருச்செல்வம் குடியிருக்கும் வீடமைப்புப் பகுதியான தாமானின் குடியிருப்பாளர் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். சாலைக் குழி, தெருவிளக்கு, குப்பை லோரி, இப்படி ஊரார் கவலைகள் ஆயிரம் இருக்க, நோட்டீஸில் இருந்தது கோட்டுப் போட்ட அண்ணன் ஒரு பக்கம், ஏரிக்கரையில் அம்மா மறுபக்கம். நடுவில், 'தாய்க்கு சுவிட்சர்லாந்து காட்டியவர், தாமானுக்கு வழி காட்டுவார்'.

வள்ளியம்மாவின் சொந்தத் தங்கை அதே தாமானில், அண்ணன் வீட்டுக்கு மூன்றாவது வாசலில் இருக்கிறார். பத்து மணிக்குக் கிள்ளானில் பேசியது பத்தே காலுக்கு ரவாங்குக்குப் போய்விடும்.

"அம்மாவா? பின்னால துணி காயப் போடுது... குடுக்க முடியாதுண்ணே... முடியாதுன்னா முடியாது. நேத்து நீ போன்ல பேசிட்டு வச்சதுக்கப்புறம் அம்மா ராத்திரி சாப்புடல. என்னா சொன்ன நீ?... ஓ. 'அந்த ஊரு பேரயே எடுக்காத'ன்னு சொன்னியா? நல்லா இருக்கு. அண்ணே, நாங்க போயிட்டு வந்தமே, ஏழு நாளு, அங்க என்னா நடந்துச்சு, அம்மா நல்லா இருந்துச்சா, ஒரு வார்த்த கேட்டியா நீ?... குளிரா இருந்துச்சான்னு கேட்ட. அதுவும் நோட்டீஸ்ல போடறதுக்கு... சரி, இப்ப கேக்குறல்ல? கேளு. குறுக்க பேசாத."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பின் வாசல் வழியாக அம்மாவின் முதுகும், கொடியில் வரிசையாகத் தொங்கும் துணிகளும் தெரிந்தன.

"மொத நாளு அம்மாவுக்குப் புடிக்கவே இல்ல. கார்ல நாலு மணி நேரம் மலையேறிப் போனமா, வாந்தி. படகுல ஏறினதும் தலசுத்து. நான் தங்குற எடத்துல ஏரியப் பாத்த மாதிரி ரெண்டு நாக்காலி போட்டு, அம்மாவ ஒக்கார வச்சி, கையில கோப்பியும் குடுத்து, பாரும்மான்னேன். எதுத்தாப்ல மலை, தண்ணி, ஒரு சத்தம் இல்ல. நான் அப்பிடியே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன்... ஒம்போது நிமிசம்ணே. ஒம்போதே நிமிசம். அப்புறம் அம்மா என்னைத் திரும்பிப் பாத்து, 'இன்னும் எவ்வளவு நேரம் பாக்கணும்?'னு கேட்டுச்சு."

...

"சிரி. நீ சிரிப்ப. எனக்கு அன்னிக்கு அழுக வந்துச்சு... ரெண்டாம் நாளு எழுந்திருச்சிப் பாக்கறேன், பக்கத்துக் கட்டில்ல ஆளக் காணோம். தேடிட்டுப் போனா, அந்த வீட்டுக்காரம்மாவோட அடுப்படியில ஒக்காந்து மீனுக்கு மஞ்சத் தடவுது. ரெண்டு பேரும் பாசார் மலாய்ல, அந்தச் சந்தக்கட கொச்ச மலாய்ல, அப்பிடிப் பேசுறாங்க. ஏழு தடவ போயிருக்கேன் நான். அந்தம்மா பேரு ரோஸ்மைடான்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். அம்மா அவங்க மருமக பிரசவம் வரைக்கும் விசாரிச்சு முடிச்சிருச்சு... ஆமா லா, வெக்கமாத்தான் இருந்துச்சு. போதுமா?"

திருச்செல்வம் எதையோ சொல்லிச் சிரித்தான். அவள் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"முடிச்சிட்டியா? இப்பத்தான் விசயமே வருது. அம்மா மேரு ஊர்ல கிளவ்ஸ் பேக்டரில இருபத்திரெண்டு வருசம் பேக்கிங்ல நின்னுச்சே, அப்ப பக்கத்துல ஒருத்தவங்க நிப்பாங்க, ஞாபகம் இருக்கா உனக்கு? இந்தோனேசியாக்காரங்க... ஆங், அவங்கதான், தியுர்மா. ஒரு தடவ தீபாவளிக்கு நம்ம வீட்டுக்குக்கூட வந்தாங்க. நீ அவங்கள வெளியில ஒக்கார வச்ச... நீதான். சரி விடு. பதினோரு வருசம் அம்மாவும் அவங்களும் தோளோட தோளு ஒட்டி நின்னிருக்காங்க. பெர்மிட்டு முடிஞ்சிருச்சுன்னு ஒரே வாரத்துல ஊருக்கு அனுப்பிட்டாங்களாம். அதோட போச்சு, போனும் இல்ல, விலாசமும் இல்ல... எங்க ஊர்ல பெரிய தண்ணி இருக்கு, மாரி, அக்கர தெரியாதுன்னு அவங்க அடிக்கடி சொல்வாங்களாம். அம்மா, எங்க காப்பார்லயும்தான் கடல் இருக்குன்னு சொல்லிட்டு வேலயப் பாக்குமாம். எந்த ஊருன்னு ஒரு நாள்கூட கேக்கல. 'பதினோரு வருசம், கேக்கணும்னே எனக்குத் தோணல'ன்னு ரோஸ்மைடாகிட்ட மீனக் கழுவிக்கிட்டே சொல்லுது... இல்லண்ணே, அழுவல. அம்மா எங்க அழுவும்? மீனப் போட்டுத் தேய் தேய்னு தேய்க்குது."

"...எப்பிடிக் கண்டுபிடிச்சாங்களா? பஞ்ச் கார்டுல பேரு இருக்கும்ல? பக்கத்துப் பக்கத்துல சொருகி வச்சிருப்பாங்க. தியுர்மா சினாகா. அம்மாவுக்கு அந்த ரெண்டாவது பேரு மறக்கல. அந்த ஊருல குலப்பேரு ஒண்ணு போதும்ணே, வேர் வரைக்கும் புடிச்சி இழுத்துட்டு வந்துருவாங்க. ரோஸ்மைடா ஒரு போன் போட்டாங்க. அவங்க தங்கச்சிக்கு ஒண்ணு, சர்ச்சுக்கு ஒண்ணு. சாயங்காலத்துக்குள்ள சொல்லிட்டாங்க, ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பத்துல, சின்ன கிராமத்துல இருக்காங்கன்னு. படகுல ஒன்னேகால் மணி நேரம்... நான் அடுத்த நாளு அம்மாவ மலை உச்சிக்குக் கூட்டிட்டுப் போக வண்டி சொல்லி வச்சிருந்தேன். அம்மாகிட்ட கேட்டேன். மலை எங்க ஓடிப் போகுது, நிக்கட்டும்ன்னுச்சு."

அதைக் கேட்டு அன்று அவளுக்கு வந்த கோபத்தை லோகேஸ்வரி அண்ணனிடம் சொல்லவில்லை. தன்னுடைய இடத்துக்கு ஆசையாக ஒருத்தியைக் கூட்டிவந்தால், அவள் வந்த மூன்றாம் நாளே அந்த இடத்தைத் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டதுபோல இருந்தது. படகில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அம்மா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நல்ல சேலை கட்டி, அதன்மேல் அண்ணி கொடுத்த பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, மடியில் முறுக்குப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"போயிட்டோம். வாசல்ல வெங்காயம் காய வச்சிருக்கு. ஒரு அம்மா பலகையில ஒக்காந்திருக்காங்க, முட்டி வலி போல, கால நீட்டியிருக்காங்க. அம்மா போயி முன்னால நின்னு, தியுர்மா, நான் மாரின்னுச்சு... தெரியலண்ணே. அவங்களுக்குத் தெரியல. கிள்ளான்னு சொல்லுது, மேருன்னு சொல்லுது, பேக்டரி பேரு சொல்லுது. அவங்க மருமகளப் பாத்து, யாரு இதுன்னு கேக்குறாங்க. போன வருசம் ஏதோ நோவு வந்துச்சாம், அதுலேருந்து மறதின்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. எனக்கு உசுரே போச்சு. வாம்மா போயிரலாம்னு கையப் புடிச்சேன். அம்மா கைய ஒதறிட்டு..."

அவள் திரும்பிப் பின் வாசல் வழியாக அம்மாவைப் பார்த்தாள்.

"...இல்ல, இருக்கேன். லைன்லதான் இருக்கேன். அம்மா என்னா பண்ணுச்சு தெரியுமாண்ணே? அந்தப் பலகையில போயி அவங்களுக்கு எடது பக்கத்துல ஒக்காந்துச்சு. தோளு இடிக்கற மாதிரி. வெறும் கைய வச்சிக்கிட்டு, இப்பிடி எண்ணி, ரெண்டு தட்டுத் தட்டி, மடிச்சி, பெட்டியில போட்டு, வலது பக்கம் தள்ளுச்சு. ஒண்ணுமே இல்ல, சும்மா காத்துல. மறுபடி எண்ணி, தட்டி, மடிச்சி, தள்ளுச்சு. அவங்க அந்தக் கையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. மூணாவது தடவையோ நாலாவது தடவையோ அம்மா தள்ளுனத அவங்க கை வாங்கிருச்சுண்ணே. வாங்கி, மூடி, டேப் ஒட்டுச்சு. ரெண்டு கிழவிங்க, அவ்ளோ பெரிய ஏரிக்கு முன்னால ஒக்காந்துக்கிட்டு இல்லாத கிளவ்ஸ பேக் பண்றாங்க... அப்புறம் அவங்க நிறுத்திட்டு அம்மா மூஞ்சியப் பாத்து, 'மாரி, நீ லேட்டு'ன்னாங்க."

...

"அண்ணே?... ஹலோ?... ஆங். நான்கூட லைன் போயிருச்சோன்னு நெனச்சேன்."

...

"எடுத்தேன். ரெண்டு பேரும் சிரிக்கறப்ப எடுத்தேன். என்னா?... ஐயோ, அண்ணே! அதப் போட முடியாதுண்ணே, அது சுவிட்சர்லாந்து இல்ல!"

ஒரு கணம் நெஞ்சில் கசிந்தது அத்தனையும் வற்றிப்போனதுபோல் அவள் எழுந்து நின்றாள். அன்று மதியத்திலிருந்து வெயில் சாயும்வரை அம்மா அந்தப் பலகையில் அமர்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டபோதும் எழவில்லை. திரும்பும் படகில்தான் மகளிடம் கேட்டாள். ஏழு தடவை வந்தாயே, யாரையாவது பார்த்தாயா? தண்ணீரைப் பார்த்தேன் என்றாள் லோகேஸ்வரி. அம்மா ஸ்வெட்டரைக் கழற்றி மகளின் தோளில் போட்டாள்.

"அண்ணே, வாசக் கேட்டு தெறக்குற சத்தம் கேக்குது. வந்துட்டாங்க... ஆறு பேரு. வள்ளியம்மா ஆன்டி முன்னால வராங்க... நான் போனை வைக்கல, இரு. கத்தாத. அம்மா துணிய அப்பிடியே போட்டுட்டு முன்னால போயிருச்சு... தடுக்கவா? நான் எப்பிடித் தடுக்கறது? அம்மா வீடு இது."

அவள் அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையிலிருந்த திரைக்குப் பின்னால் நின்று, கைப்பேசியை வாயோடு ஒட்டிக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒக்காந்துட்டாங்க... லண்டன்ல குளிரு எப்பிடி இருந்துச்சுன்னு ஆன்டி சொல்லிக்கிட்டு இருக்காங்க. நல்லதாப் போச்சு, அதுலயே அர மணி நேரம் ஓடும்... இல்ல, நிறுத்திட்டாங்க. அம்மாகிட்ட படம் கேக்குறாங்க. அம்மா அதோட போனை எடுக்குது... எந்தப் படமா? எனக்கு எப்பிடித் தெரியும், திரைக்குப் பின்னால நிக்கறேன்... இரு, வெலக்கிப் பாக்கறேன்... ம். ம். அலாமா."

...

"தியுர்மா படம்ணே. ஆன்டி கண்ணாடியத் தூக்கிப் பாத்துட்டு, இந்தச் சுவிஸ்காரி நம்ம வீட்டுக்கு வேலைக்கு வர இந்தோனேசியாக்காரி மாதிரியே இருக்காளேங்கறாங்க... சாமி கும்புடு, ஆமா கும்புடு... அம்மா போன வாங்கித் தொடச்சி வச்சிக்கிச்சு. இரு... இரு, பேசுது... 'இந்தோனேசியாக்காரிதான். என்கூட வேல செஞ்சவ. நான் அவ ஊருக்குத்தான் போனேன்'ங்குது."

...

"அழுவாத லா... அப்ப சுவிட்சர்லாந்துன்னு சொன்னியேன்னு ஆன்டி கேக்குறாங்க. அம்மா... அம்மா என்னா சொல்லுது தெரியுமா? 'உங்களுக்கு முன்னால சின்னதாப் போயிருவேனோன்னு வெக்கப்பட்டுப் பொய்யி சொன்னேன், வள்ளியம்மா. தப்பு எம்மேலதான்'ங்குது. அப்பிடியே சொல்லிருச்சுண்ணே. தல குனியல, நேராப் பாத்துச் சொல்லுது."

லோகேஸ்வரி திரையை இன்னும் கொஞ்சம் விலக்கினாள். காதில் அண்ணனின் புலம்பல் நிற்கவே இல்லை.

"உன்னப் பத்தியா? கேக்குறாங்க, கேக்குறாங்க. அப்ப உங்க மகன் நோட்டீஸ்ல போட்டிருக்கானேன்னு ஆன்டி கேட்டுட்டாங்க. ரவாங் தங்கச்சி அனுப்பிட்டாங்க போல... அம்மாவா? அம்மா யோசிக்குது... சொல்லிருச்சு. 'செல்வத்தப் பத்தி எனக்குத் தெரியாது, ஒரு வேள அவன் போயிருப்பான்'ன்னு சொல்லிருச்சு."

...

"அண்ணே, மூச்சு விடு. தண்ணி குடி... ஆன்டி போனை எடுத்துட்டாங்க. தங்கச்சிக்கு இல்ல, உனக்குத்தான் போடறாங்கன்னு நெனக்கறேன். ஆமா, உனக்குத்தான், லைன் பிஸின்னு சொல்றாங்க. மறுபடியும் போடறாங்க... இல்ல. வைக்காதன்னா? எவ்வளவு நேரம்ணே நான் இப்பிடிப் பேசிக்கிட்டே நிக்கறது, நாளைக்கு ஓட்டு எண்ணி முடியற வரைக்குமா?... சத்தியமெல்லாம் பண்ணாத. அம்மா கூப்புடுது. படத்தப் பெருசு பண்ணிக் காட்டத் தெரியல அதுக்கு, எல்லாரும் கிட்டப் போயிப் பாக்குறாங்க, நெசமாத்தான் பாக்குறாங்க... தெரியுதுண்ணே, நான் வச்சா ஆன்டி லைன் கெடச்சிரும்னு தெரியுது."

...

"வைக்கறேண்ணே."